மணக்காத சாராயம்

பேக்கரித் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்து வந்து கதவைத் திறந்தபோது, குளியலறையில் இரண்டு ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒரு சத்தம் இவருடையது, என் கணவருடையது. இவர் சிரித்துக் கேட்டு நெடுநாளாகியிருந்தது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் போய் எட்டிப் பார்த்தேன்.

பழைய காரொன்றின் ரேடியேற்றரைக் குளியல் தொட்டிக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஷவர் தண்ணீரை அதன்மேல் திறந்து விட்டிருந்தார்கள். தரையில் மின்னடுப்பு. அதன்மேல் என்னுடைய பிரஷர் குக்கர். விசில் இருந்த இடத்தில் ஒரு றப்பர் குழாயைச் செருகி, மறுநுனியை ரேடியேற்றரோடு பொருத்தியிருந்தார்கள். ரேடியேற்றரின் கீழ்வாயிலிருந்து ஜாம் போத்தல் ஒன்றுக்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. புளித்த சீனியின் மணமும் கருகிய றப்பரின் மணமும் அறை முழுக்க நின்றன.

மற்றவர் எங்கள் மாடியிலேயே நாலு கதவு தள்ளித் தனியாக இருந்த மட்டக்களப்புக்காரர். குளிரூட்டி திருத்தும் கொம்பனியொன்றில் வேலை. என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர், அதனால் தம்பி என்று கூப்பிடுவேன்.

"அக்கா, கோவிக்காதீங்க. அண்ணன்தான் குக்கரை எடுத்துத் தந்தவர்" என்றார்.

"உதைக் குடிச்சனீங்களோ?"

"போன கிழமை ஒருக்கா. ரெண்டு நாள் சத்தி. மத்தப்படி நல்லாத்தான் இரிக்கு."

இவர் என்னைப் பார்க்காமல் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்னடுப்பின் வயரைப் பிடுங்கினேன்.

"உந்த ரேடியேற்றர் முழுக்க ஈயத்தாலதான் ஒட்டியிருக்கு. சாராய ஆவி ஈயத்தையும் கரைச்சுக்கொண்டு வரும். நீங்கள் குடிக்கிறது நஞ்சு" என்றேன்.

இவர் மெதுவாக, "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவ கெமிஸ்ட்" என்றார்.

கனடாவுக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கொழும்பில் பெயின்ற் செய்யும் தொழிற்சாலையொன்றின் பரிசோதனைக்கூடத்தில் ஏழு வருடம் வேலை செய்திருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளோடு அந்தத் தொழிற்சாலையும் எரிந்தது. ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த வேலை, மெஷின் பட்டியில் ஓடிவரும் பாண்களைப் பையில் போட்டுக் கட்டுவது. இவர் கொழும்பில் கட்டட வரைபடம் கீறுகிறவர். இங்கே வாளி மூடி வார்க்கும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வோபர்னில் பதினோராவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. இரண்டு பேரும் வேலையால் வந்து, சாப்பிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்போம். ஊரில் இரண்டு பேரும் எதைப் பற்றி அவ்வளவு கதைத்தோம் என்று நான் சில வேளை யோசித்துப் பார்ப்பதுண்டு.

குடியும் இங்கே வந்துதான் தொடங்கியது. கொழும்பில் கலியாண வீடுகளில் ஒரு கிளாஸ் பியரோடு நிறுத்திக்கொள்கிறவர், இங்கே முதல் குளிர்காலம் முடிவதற்குள் கடைப் போத்தலுக்குப் பழகிவிட்டார். கேட்டால், "குளிருக்கு" என்பார். வெயில் காலத்திலும் குடித்தார். எனக்குக் கதவடியிலேயே மணத்தை வைத்து எவ்வளவு என்று தெரியும். கொஞ்சமென்றால் சோற்றைப் போட்டுக் கொடுப்பேன். கூடவென்றால் பேசாமல் போய்ப் படுப்பேன்.

அன்று ரேடியேற்றரை நானே லிஃப்டில் கொண்டுபோய்க் குப்பைக்குள் எறிந்தேன். ஆனால் அது போனால் இன்னொன்று வருமென்று தெரியும். தடுத்தால் தம்பி வீட்டில் செய்வார்கள். அங்கே எதை வைத்துச் செய்வார்களோ யாருக்குத் தெரியும். நாலைந்து நாள் யோசித்துவிட்டு, ஒரு ஞாயிறு காலை தேநீர் குடிக்கும்போது சொன்னேன்.

"செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்வம்."

இவர் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எப்பிடி?"

குக்கர் போன்ற பானையில் ஒருமுறை காய்ச்சி எடுத்தால் சாராயத்தோடு தலையிடி தருகிற எண்ணெய்கள், புளிப்பு, கருகல் எல்லாம் சேர்ந்து வரும். பானைக்கு மேலே உயரமான செப்புக் குழாயொன்றை நிமிர்த்தி, உள்ளே ஆவி தட்டித் தட்டி ஏற எதையாவது அடைத்து, உச்சியில் குளிர்நீர் ஓடும் சுருளை வைத்தால், ஏறுகிற ஆவி அங்கே குளிர்ந்து திரும்பக் குழாய்க்குள்ளேயே விழும். விழுகிற துளியும் ஏறுகிற ஆவியும் வழியில் சந்தித்துக்கொண்டே இருக்கும். கனமானவை கீழே திரும்ப, இலேசானது மட்டும் மேலே போகும். உச்சியில் சின்னத் திருகுவாயொன்றால் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுக்கலாம். அவசரப்படாவிட்டால் அதற்கு நிறமும் இராது, ருசியும் இராது, மணமும் இராது.

நான் சொல்லச் சொல்ல இவர் எழுந்துபோய், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முடிந்த மாதங்களைக் கிழித்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் கீறத் தொடங்கினார். அளவுகோல் இல்லை. அரிசிப் பெட்டியின் அட்டையை மடித்து ஓரம் பிடித்தார். ஒரு கோடும் பிசகவில்லை. இவருடைய கை அப்படியேதான் இருந்தது.

"குழாய் எவ்வளவு உயரம் வேணும்?"

"கூடக் கூட நல்லது. நாலடியெண்டாலும் வேணும்."

"அடுப்புக்கு மேல வைச்சாக் கூரை இடிக்கும். பானையை நிலத்தில வைக்கவேணும். அப்ப சூடு?"

அதற்குத் தம்பி வழி சொன்னார். சுடுதண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கிற சூடாக்கும் கம்பியைப் பானைக்குள்ளேயே பூட்டிவிடலாம் என்றார். நெருப்பே இல்லாமல் செய்கிறது எனக்கும் பிடித்திருந்தது. பானைக்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடிக்காத உருக்குப் பியர்ப் பீப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். செப்புக் குழாய்க்குத் தம்பியின் தொழிலிலே பஞ்சமில்லை. வெட்டி எறிகிற துண்டுகளைச் சேர்த்து வைத்து, ஈயமில்லாத வெள்ளிப் பற்றுப் போட்டு ஒட்டித் தந்தார். உள்ளே அடைக்கச் சட்டி தேய்க்கும் செப்புச் சுருளைக் கடை கடையாக வாங்கினோம். ஒரு கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, உன் வீட்டில் எத்தனை சட்டி என்று கேட்டாள்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க இதுதான் எங்கள் பேச்சு. வேலையால் வந்ததும் இவர் கேட்பார்: "உச்சியில சுருள் ஒரு சுத்துக் கூட்டினால் என்ன?" நான் சோறு வடித்துக்கொண்டே பதில் சொல்வேன். சுருள் போதாமல் விட்டால் குளிராத ஆவி அறைக்குள் வந்து தீப்பிடிக்கும் என்பேன். இவர் உடனே திருத்திக் கீறுவார். பஸ்ஸில் போகும்போது கூடக் கதைத்தோம். பக்கத்து இருக்கைகளில் தமிழ் முகம் கண்டால் மட்டும் நிறுத்திக்கொள்வோம். வீட்டில் சாராயம் காய்ச்சுவது சட்டத்துக்கு மாறு என்று மூன்று பேருக்கும் தெரியும். அகதி வழக்கு முடியாத தம்பிக்கு அது எங்களைவிடக் கூடிய பயம். ஆனாலும் விடவில்லை. அந்த மாதங்களில் இவர் குடித்தது மிகக் குறைவு. பென்சில் பிடிக்கக் கை நடுங்கக்கூடாது என்று ஒருமுறை தானாகவே சொன்னார்.

அலுமாரிக்குள் மூடியோடு இரண்டு பிளாஸ்ரிக் வாளிகளில் சீனித் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. ஈஸ்ற் வாடை வெளியே மாடி நடைபாதை வரைக்கும் போனது. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரின்ரென்டன்ற் ஒருநாள் கதவைத் தட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். நான் இன்னும் பேக்கரி உடுப்போடு இருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாண் வேலை உன்னோடு வீட்டுக்கும் வருகிறது என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு இவரும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது வேறெப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

காய்ச்சிய முதல் நாள் யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, குளிருக்குக் கோட்டுப் போட்டபடி குழாயைச் சுற்றி இருந்தோம். பழைய கம்பளியைக் கிழித்துக் குழாய்க்குச் சுற்றியிருந்தோம். தொட்டுப் பார்க்கப் பார்க்கச் சூடு அடியிலிருந்து மேலே ஏறியது. உச்சியில் செருகிய வெப்பமானி ஏறி, தடுமாறி, ஓரிடத்தில் நின்றது. பிறகு அசையவில்லை. நான் திருகுவாயை ஒரு மயிரிழை திறந்தேன். முதலில் வந்ததை ஒரு கோப்பையில் பிடித்துப் புறம்பாக வைத்தேன். அது குடிக்கக் கூடாதது, யன்னல் துடைக்க எடுத்தேன். அதற்குப் பிறகு வந்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நான் வாங்கி வைத்திருந்த செறிவுமானியை விட்டேன். சாராயம் கூடக் கூட ஆழமாக அமிழும் அது அடிவரைக்கும் போனது. தம்பி விரலில் தொட்டு நக்கினார்.

"அக்கா, இதுல ஒண்டுமே இல்லையே. சும்மா நெருப்பு மட்டும்தான் இரிக்கு."

"அதுதான் வேணும்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை. பெயின்ற் தொழிற்சாலையில் கூட இவ்வளவு சுத்தமாக எதையும் பிரித்தெடுத்ததில்லை.

இவர் குழாயின் முன்னால் நின்று, தான் கீறிய படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பிடியே வந்திருக்கு" என்றார்.

வேலை முடிந்ததோடு எங்கள் பேச்சும் முடிந்தது. மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சினோம். தம்பி தன் பங்கை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் பங்கு போத்தல்களில் அலுமாரியின் மேல்தட்டில் வரிசையாக நின்றது. இவர் சனிக்கிழமையில் ஒரு போத்தலை இறக்கி, தேசிக்காய்த் தண்ணீர் கலந்து, இரண்டு கிளாஸ் குடிப்பார். நான் பார்க்கத்தான் குடிப்பார். கிழமை நாட்களில் ஒன்றுமில்லை. வரிசையும் அப்படியே குறையாமல் நின்றது. கதவடியில் இவரிடம் எந்த மணமும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். கதைக்கிறது குறைந்திருந்தது, சாப்பாடு குறைந்திருந்தது, முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. எண்பத்தாறில் ஊரிலிருந்து வந்த செய்திகளோடு யார்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தேழு தை மாதம், வேலையால் வரும் வழியில் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து இவருக்குத் துடையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் வழமையான கேள்விகளோடு, குடிப்பாரா என்றும் கேட்டார்.

"வீக்கென்டில் கொஞ்சம்" என்று நானே பதில் சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மூன்றாம் நாள் பின்னேரம் நான் வேலையால் நேரே போனபோது, கட்டிலில் கிடந்தது வேறு யாரோ போல இருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்தார், நான் யாரென்று தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேர்ஸ் வாளியொன்றை இழுத்த சத்தத்துக்கு உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த தலையணையை இழுத்து அணைத்தார். பிறகு அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமத்தினார்.

"இருமாதேங்கோ மாஸ்டர்" என்றார். மிக மெதுவாக, கெஞ்சுகிற குரலில். "கீழ நிக்கிறாங்கள். இருமாதேங்கோ. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் மட்டும்."

அமத்திய கையை எடுக்கவேயில்லை. விரல்கள் வெளிறும்வரை அமத்தினார்.

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். ஆஸ்மாக்காரர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆடிக் கலவரத்தின்போது நான் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்தில் நின்றேன். இவர் கொழும்பில் தனியே. பிறகு அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, மாஸ்டரைப் பற்றிக் கேட்டேன். "மூச்சு முட்டிச் செத்துப்போனார்" என்றார். மருந்து கிடைத்திருக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எங்கே ஒளிந்திருந்தீர்கள், யாரோடு என்று கேட்டதற்கு, "தப்பியிட்டன். அவ்வளவுதான்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வந்ததில்லை.

நான் அந்தக் கையைப் பிடித்துத் தலையணையிலிருந்து எடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. நேர்ஸ்கள் இரண்டு பேர் வந்துதான் எடுத்தார்கள்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, உண்மையைச் சொல்லுங்கள், இது தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் வருவது, என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்கி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, செறிவுமானியை விட்டேன். முதல் போத்தலில் அது அமிழாமல் நிமிர்ந்து நின்றது. தண்ணீர். இரண்டாவதும் தண்ணீர். முன்வரிசையில் சனிக்கிழமைக்கு இறக்குகிற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர். குசினித் தரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் அளந்து முடித்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியெடுத்து, "தினமும் குடித்திருக்கிறார். நிறைய" என்று சொன்னேன்.

கடைப் போத்தலையோ அந்தக் குக்கர்ச் சாராயத்தையோ குடித்திருந்தால் எனக்கு முதல் கிழமையே மணத்திருக்கும். மணமில்லாமல் பிரித்துக் கொடுத்தது நான். இதைப் பல வருடம் பல விதமாக யோசித்துவிட்டேன். அந்த ரேடியேற்றரோடு விட்டிருந்தால் இரண்டு பேரில் ஒருவராவது கண்ணையோ உயிரையோ விட்டிருப்பார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் நான் வரவில்லை.

மருந்து மாற்றிய பிறகு இரண்டொரு நாளில் இவர் தெளிந்தார். நான் வார்த்துக் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"நான் என்னவும் கதைச்சனானோ?"

"ஓம், பிசத்தினீங்கள். ஒண்டும் விளங்கேல்ல."

"ஒண்டும்?"

"ஒண்டும் விளங்கேல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சூப்புப் பாத்திரத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று நான் வேறு பதில் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று தெரியவில்லை. இவருக்குச் சொல்ல ஒரு வழியைத் திறந்து விட்டிருப்பேனோ, இல்லை முற்றாக உடைத்திருப்பேனோ. எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. அந்தப் பதிலோடு இருபது முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்ற பயம்.

இவர் வீடு வருவதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். அவர் வாள் எடுத்துக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டினார். போகும்போது கதவடியில் நின்று, "அக்கா, அண்ணன் அடிக்கடி என்னட்டயும் வந்து வாங்கினவர். நீங்கதான் அனுப்பினதெண்டு சொன்னவர்" என்றார். அவர் அழுதார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஊரிலிருந்த மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்.

ஊன்றுகோலோடு வந்த இவர் யன்னலடியில் பீப்பா நின்ற வெற்றிடத்தைப் பார்த்தார். "நல்லது" என்றார். அந்த வருடம் முழுக்க ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனால் நித்திரை போய்விட்டது. பகலில் கதிரையில் இருந்தபடி உறங்குவார். யாராவது இருமினால், பஸ்ஸிலோ கடையிலோ எங்கென்றாலும், எழுந்து தள்ளிப் போய்விடுவார். எனக்குத் தடிமன் பிடித்தால் நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுவேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று இவர் கேட்டதில்லை. அதிலிருந்தே எனக்கு விளங்கியது, நான் பொய் சொன்னது இவருக்குத் தெரியும் என்று.

அடுத்த வருடம் திரும்பவும் தொடங்கினார், கடைப் போத்தலோடு. மறைக்கவில்லை. எண்பத்தொன்பது சித்திரையில், நகரின் மறுகோடியிலுள்ள ரெக்ஸ்டேலில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய்வர நேரமாகிறது, அங்கேயே ஒரு அறை எடுக்கிறேன் என்றார். சண்டையில்லை. நான்தான் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பார்.

அந்த வருடக் கடைசியில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடமொன்றில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுவுகிற வேலைதான். என்றாலும் வெள்ளைக் கோட்டுத் தந்தார்கள். ஞாயிறு வரும்வரை காத்திருக்காமல் நானே எடுத்துச் சொன்னேன்.

"நல்லது" என்றார். "கையில கண்ணாடி வெட்டாமப் பாரும்."

"ஓம்."

"நீர் அங்க கனகாலம் கழுவமாட்டீர். ஆக்கள் கண்டுபிடிப்பினம்."

குரல் தடித்திருந்தது. குடித்திருந்தார் என்று நினைக்கிறேன், தூரத்திலிருந்து சொல்ல முடியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். அந்தப் பக்கம் யாரோ நடைபாதையில் இருமுவது கேட்டது. இவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.